மேனாட்டு நெடும்பாட்டும் எம்மூர்க் குடமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், வள்ளியாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் அமைந்துள்ளது எம்மூராகிய மணவாளக்குறிச்சி. ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் 1909-ஆம் ஆண்டில் இக்கரை மணலில் மோனசைட்டு என்னும் கனிமம் உண்மையைக் கண்டறிந்த நாள்தொட்டு, எம்மூர்ப் பெயர் கடல்கடந்த நாடுகளிலும் வழங்கி வருகின்றது. ஆயின் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது மணலைப்பற்றியன்று; இசையைப்பற்றியே யாம்.

இளமை முதல் எம் செவியில் இருவகை இசை நிரம்பியிருந்தது. ஒன்று, மண்டைக்காட்டுக் கொடை தொடங்கிச் சுற்றுப்புறத்து அம்மன் கொடைகளிலெல்லாம் இரவு முழுதும் ஒலிக்கும் வில்லுப்பாட்டு. மற்றொன்று, ஞாயிறுதோறும் ஆலயத்தில் பல குரல் ஒத்திசைக்கும் கீதங்கள். கல்லூரியிற் பயின்ற நாளில் மூன்றாவதொன்றும் வந்து சேர்ந்தது. அதுவே மேனாட்டார் 'புரோகிரசிவ் ராக்' எனப் பெயரிட்டழைக்கும் இசை. அதனை யாம் கேட்கத் தொடங்கியபோது, "இஃதென்ன இரைச்சல்?" என வீட்டார் வினவினர், கருநாடக சங்கீத அபிமானிகளான நண்பர் சிலர் முகஞ்சுளித்தனர். பல்லாண்டு கேட்டுப் பழகியபின், அவ்விசை நம் செவிக்கு அயலானதன்று என்பது எமக்குத் தெளிவாயிற்று. தாளம் எண்ணப் பழகிய செவிக்கு அதன் வாயில் எளிதில் திறக்கும். அதனை முறையாகக் கேட்டவன் தன்னூர் இசையின் பெருமையையும் முன்னினும் நன்கு உணர்வான். இவ்விரண்டனையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரும் பிறப்பும்

ராக் இசை அமெரிக்க நாட்டில் நடனத்திற்கென எழுந்தது. நான்கு எண்ணிக்கைத் தாளம், மூன்று நிமிடப் பாட்டு, எளிய பல்லவி ஆகிய இவையே அதன் பொது இலக்கணம். 1960-களின் இறுதியில் இங்கிலாந்து நாட்டு இளைஞர் சிலர் இவ்வெல்லையைக் கடக்க விழைந்தனர். பாக் முதலிய ஐரோப்பிய ஆசிரியர்களின் இசையமைப்பையும், ஜாஸ் இசையின் மனோதர்மத்தையும், ஆலய இசையையும் ராக் இசையொடு கலந்து, தொடர்ந்து வளர்ந்து செல்லும் நெடும்பாட்டுகளை ஆக்கினர். இங்ஙனம் வளர்ந்து செல்லுதல் பற்றியே 'புரோகிரசிவ்' என்னும் அடைமொழி வந்தது.

1969-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்த கிங் கிரிம்சன் குழுவினரின் 'இன் தி கோர்ட் ஆப் தி கிரிம்சன் கிங்' என்னும் இசைத்தட்டை இவ்வகையின் தொடக்கமாகப் பலர் கொள்வர். அதில் மெலோட்ரான் என்னும் வாத்தியம் சிறப்பிடம் பெறுகின்றது. பார்வைக்கு அது நம் ஆர்மோனியம் போலக் கட்டைகளை உடையது. ஒவ்வொரு கட்டையின் கீழும், முன்னரே ஒலி பதியப்பெற்ற காந்தநாடா ஒன்று ஓடும். கட்டையை அழுத்தின், பல வயலின்கள் ஒருங்கே முழங்குவது போன்ற ஓசை பிறக்கும். வாத்தியக் குழு இல்லாத இளைஞர்க்கு அது பெருந்துணையாயிற்று.

ஜெத்ரோ டல் என்னும் குழுவின் பெயர் நாஞ்சில் நாட்டார்க்கு உவப்பளிக்கும். விதைவிதைக்கும் பொறியை ஆக்கிய ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஒருவரின் பெயர் அது. நாஞ்சில் என்பதற்குக் கலப்பை என்பதன்றோ பொருள்?

2. நெடும்பாட்டும் இசைத்தட்டும்

ஒரு கலையின் வடிவத்தை அதனைத் தாங்கும் கருவியும் வரையறுக்கின்றது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். அக்காலத்து நம் வித்துவான்களும் அவ்வளவிற்குள் தம் இசையைச் சுருக்கியே பாடினர். மணிக்கணக்காக நாகசுரத்தில் தோடி வாசிக்க வல்ல டி. என். ராஜரத்தினம் பிள்ளையவர்களும், தட்டில் சில நிமிடங்களுக்குள்ளேயே தம் ஆலாபனையை அடக்க வேண்டியவரானார்.

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எல். பி. என்னும் நெடுந்தட்டு வெளிவந்தது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் அதன் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்திற்கு மேலும் இசை அடங்கும். இவ்வசதியை முழுதும் பயன்படுத்தியோர் யாம் கூறவந்த இசைஞர். யெஸ் குழுவினர் 1972-இல் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டின் முதற் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. எமர்சன், லேக் அண்ட் பாமர் என்னும் மூவர் குழுவின் 'டார்க்கஸ்' (1971) அத்தகையதே. ஜெத்ரோ டல் குழுவினரோ 'திக் ஆஸ் எ பிரிக்' (1972) தட்டின் இருபக்கங்களிலும் ஒரே பாட்டை அமைத்தனர். பிங்க் பிளாய்டு குழுவினரின் 'தி டார்க் சைட் ஆப் தி மூன்' (1973) பல பாட்டுகளால் ஆயினும், ஒன்றன் இறுதியில் மற்றொன்று தோன்ற, காலம், பணம், மரணம், சித்தம் கலங்குதல் ஆகிய பொருள்களை ஒரு தொடராகப் பாடிச் செல்கின்றது.

இந்நெடுமை வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தார்க்குப் புதிதன்று. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என ஏழுறுப்புக் கொண்டு, முத்துப்பட்டன் கதையையோ நீலி கதையையோ விடியுமளவும் நடத்துவர் நம் புலவர். ஜெனசிஸ் குழுவினர் 1972-இல் 'பாக்ஸ்டிராட்' என்னும் தட்டில் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி' என்னும் பாட்டும் ஏழு பகுதிகளையுடையது. ஏறத்தாழ 23 நிமிடம் ஒலிப்பது. வேதாகமத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தை அறிந்தார்க்கு அதன் தலைப்பிலிருந்தே பொருள் விளங்கத் தொடங்கும். அந்நூலின் 19-ஆம் அதிகாரத்துக் கூறப்பெறும் மகா தேவனின் விருந்தும், இறுதியில் இறங்கிவரும் புதிய எருசலேமும் அப்பாட்டின் உட்கிடை. ஆலயத்தில் கேட்ட பிரசங்கம் இப்பாட்டிற்கு உரையாக அமைந்தது கண்டு யாம் வியந்ததுண்டு.

ஆலயத்துறவு பொருளளவில் மட்டுமன்று. யெஸ் குழுவின் ரிக் வேக்மன் தம் தனித்தட்டொன்றிற்காக (1973) லண்டனிலுள்ள புனித கைல்ஸ் ஆலயத்து ஆர்கனையே வாசித்துப் பதிவு செய்தார். பிளேக் என்னும் கவிஞரின் செய்யுளுக்குப் பாரி என்பார் 1916-இல் இசையமைத்த 'ஜெருசலேம்' என்னும் கீதத்தை, எமர்சன் முதலிய மூவர் தம் 1973-ஆம் ஆண்டுத் தட்டின் முதற் பாட்டாக அமைத்தனர்.

3. தாளக் கணக்கு

இனி இவ்விசையின் உயிர்நிலையாகிய தாளத்தைக் காண்போம். திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9 எனும் ஐந்து ஜாதிகளை நம் இசைநூலோர் வகுத்தனர். ராக் இசை பெரும்பாலும் சதுஸ்ரத்தில் நிற்க, புரோகிரசிவ் இசைஞர் ஏனையவற்றையும் தேடிச் சென்றனர்.

ஜெத்ரோ டல் குழுவின் 'லிவிங் இன் தி பாஸ்ட்' (1969) ஐந்தெண்ணிக்கையில் நடப்பது. நமக்கு அது கண்டம். மேற்கூறிய 'டார்க்கஸ்' பாட்டின் தொடக்கமும் அதுவே. பிங்க் பிளாய்டின் 'மனி' என்னும் பாட்டு நாணயங்களும் கல்லாப்பெட்டியும் எழுப்பும் ஓசைகளை ஏழாக அடுக்கித் தொடங்குகின்றது. பாட்டும் அவ்வேழிலேயே நடக்கின்றது. நடுவே கிட்டார் தனித்தொலிக்கும்போது நான்கிற்கு மாறி, மீண்டும் ஏழிற்கு வந்து சேர்கின்றது. 'சப்பர்ஸ் ரெடி' பாட்டின் ஆறாம் பகுதியோ ஒன்பதெண்ணிக்கையைத் தன் தலைப்பிலேயே தாங்கி நிற்கின்றது.

இக்கணக்கை முதன்முதற் கேட்கும் மேனாட்டார் பலர் இடறுவர். 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாக மிஸ்ரசாபு எண்ணப் பழகியவர் இடறமாட்டார். மாணவர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். 'மனி' பாட்டைக் கேட்டுக்கொண்டே விரலால் ஏழேழாக எண்ணி வருக. எண்ணம் எவ்விடத்தே பொருந்தாது போகின்றதோ, அவ்விடமே தாளம் மாறும் இடம். மாற்றத்தை இங்ஙனம் தாமே கண்டுபிடிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி, வினாவிற்கு விடை கண்ட மகிழ்ச்சியை ஒக்கும்.

எம்மூரில் மாலையில் நண்பர் சிலர் கூடி இசை கேட்பது வழக்கம். ஒருநாள், வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் முதியவர் ஒருவர் வேறு காரியமாக அங்கு வந்தார். ஆங்கிலச் சொல் ஒன்றும் அவர் அறியார். 'மனி' ஒலித்துக்கொண்டிருந்தது. சிறிது நேரம் நின்றவர், பெஞ்சின் விளிம்பில் விரலால் மூன்றும் நான்குமாகத் தட்டலானார். கிட்டார்ப் பகுதி வந்ததும் கையை நிறுத்தி, "கணக்கு மாறியாச்சே" என்றார். யாங்கள் பல நாள் கேட்டுக் கண்டறிந்ததை அவர் ஒரு கேள்வியிலேயே கண்டுகொண்டார்.

4. சக்தி

மேனாட்டிசையும் நம்மிசையும் ஒரே மேடையில் ஒப்ப அமர்ந்த வரலாறு ஒன்றுண்டு. ஜான் மெக்லாலின் இங்கிலாந்தில் யார்க்ஷயர் நாட்டில் 1942-இல் பிறந்தவர், கிட்டார் வித்தகர். 1971-இல் நியூயார்க்கில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்னும் குழுவை அமைத்து, ஜாஸும் ராக்கும் கலந்த பெருமுழக்க இசையால் புகழ்பெற்றார். 'தி இன்னர் மவுண்டிங் பிளேம்' (1971), 'பேர்ட்ஸ் ஆப் பயர்' (1973) என்பன அக்குழுவின் தட்டுகள். அப்புகழ் நிலவும் காலத்திலேயே அவர் கனெக்டிகட்டிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதன் அவர்களிடம் வீணையிசை பயின்றார். அக்கழகம் 1831-இல் மெதடிஸ்டுத் திருச்சபையாரின் முயற்சியால் தோன்றியது. மிஷன் கல்லூரியிற் பயில்வோர் இதனை நினைவிற் கொள்ளத் தகும்.

ஆங்கு அவருக்கு வயலின் வித்துவான் எல். சங்கரின் நட்புக் கிடைத்தது. சங்கர், யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராய் விளங்கிய வி. லட்சுமிநாராயணரின் புதல்வர். இவ்விருவரொடு, தபலா வல்லுநர் ஜாகிர் ஹுசைனும், கடம் வாசித்த டி. எச். விநாயகராமும் சேர, 'சக்தி' என்னும் குழு உருவாயிற்று. மின்கிட்டாரின் பெருமுழக்கத்தை விடுத்து, மெக்லாலின் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அவருக்கெனத் தனியே ஒரு கிட்டார் செய்யப்பெற்றது. சுருதிக்கென ஏழு தந்திகள் குறுக்கே கட்டப்பெற்றன. மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பெற்றது. வீணையிற்போலத் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் எழுப்புதற்கு அக்குழிவு இடந்தந்தது.

இக்குழுவின் முதல் தட்டு 1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துச் சவுதாம்ப்டன் கல்லூரியில் நடந்த அரங்கின் பதிவாகும். ராமநாதபுரம் வி. ராகவன் அதில் மிருதங்கம் வாசித்துள்ளார். 'ஜாய்' என்னும் முதற் பகுதி 18 நிமிடம். இறுதிப் பகுதி 29 நிமிடம். கல்லூரி அரங்கொன்றில் நிகழ்ந்த இசை உலகெங்கும் பரவியது நமக்கு ஊக்கமளிப்பதன்றோ? 'எ ஹேண்ட்புல் ஆப் பியூட்டி' (1976), 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' (1977) என்பன அடுத்து வந்தவை.

சங்கர் பின்னர், ஜெனசிஸ் குழுவின் முதற் பாடகரான பீட்டர் கேப்ரியல் 1989-இல் வெளியிட்ட 'பேஷன்' தட்டில் வயலின் வாசித்தார். சக்தி 1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்னும் பெயரில் மீண்டும் கூடியது, மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷும் பிற்பாடு அதில் இணைந்தனர். 2014-இல் ஸ்ரீநிவாஸ் இளவயதிலேயே மறைந்தார். 2023-இல் வெளிவந்த 'திஸ் மொமென்ட்' என்னும் தட்டு 2024-ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜாகிர் ஹுசைன் காலமானது இசையுலகிற்குப் பேரிழப்பு.

5. குடம்

சக்தியின் முதல் தட்டை அம்முதியவர்க்கும் ஒருநாள் இசைத்துக் காட்டினோம். கிட்டாரும் வயலினும் விரைந்தோடும்போது அவர் வாளாவிருந்தார். கடம் தனித்தொலித்தவுடன் முன்னே சாய்ந்து, "வாயை எப்படி மூடித் திறக்கிறார்?" என்று வினவினார். கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்து வைத்து, அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை மாற்றுவர் என்று கூறினோம். தம் குடத்தை அங்ஙனம் வயிற்றோடு அணைத்தல் இயலாதென்றும், வைக்கோற் புரியின்மேல் அமர்ந்து வில்லைத் தாங்குவது அதன் கடமையென்றும், ஆதலால் ஒரு கையால் கமுகம்பாளைத் துண்டு கொண்டு வாயில் அறைந்து, மறுகையால் உடலில் தட்டுவதே தங்கள் முறையென்றும் அவர் விளக்கினார்.

இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. குடத்தினுள் அடைபட்ட காற்று வில்சுருள் போல் அமுங்கியும் விரிந்தும் அதிர, வாயருகிலுள்ள காற்று அதன்மேல் ஏற்றிய எடைபோல் இயங்குகின்றது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் இவ்வதிர்வை ஆராய்ந்தார். வயிறு பெரிதாயின் ஒலி தாழும். வாயைச் சிறிது மூடினும் தாழும். பௌதிகம் பயிலும் மாணவர் வீட்டுப் பானையிலேயே இதனைச் சோதிக்கலாம்.

கடம் கச்சேரி மேடையில் நெடுங்காலம் பக்கவாத்தியத்திற்கும் பக்கவாத்தியமாகவே இருந்தது. மானாமதுரைக் குயவர் வனையும் கடம் கனத்த உடலும் திண்ணிய ஒலியும் உடையதெனப் பெயர்பெற்றது. விநாயகராம் 1966-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர். சக்தியிலோ அது கிட்டாருக்கும் வயலினுக்கும் நிகராக நின்று வினாவும் விடையும் நிகழ்த்திற்று.

அன்று புறப்படுமுன் அம்முதியவர் மற்றொன்றும் கூறினார். ஒருகாலத்தில் விடியுமளவும் பாடிய கதையை, அவ்வாண்டுக் கொடையொன்றில் இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னார்களாம். எஞ்சிய இரவு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டிற்கு ஆயிற்றாம். அவர் இதனைக் குறையாகக் கூறவில்லை, செய்தியாகவே கூறினார். யாங்களோ நாணமுற்றோம். 1975-இல் அமெரிக்காவில் ஒலித்த குடத்தைப் பத்து முறை கேட்ட யாங்கள், எம் தெருவில் ஒலித்த குடத்தை அவ்வாண்டு ஒருமுறையேனும் முழுதும் கேட்டோமில்லை.

6. நம் நாட்டுக் குழுக்கள்

நம் நாட்டிலும் இந்நெறி வேரூன்றியுள்ளது. 'அகம்' என்னும் தமிழ்ச்சொல்லைப் பெயராகக் கொண்டு 2003-இல் பெங்களூரில் தோன்றிய குழுவினர், கருநாடக இசையைப் புரோகிரசிவ் ராக் நெறியில் அமைத்து, 2012-இல் 'தி இன்னர் செல்ப் அவேகன்ஸ்' என்னும் தட்டை வெளியிட்டனர். அதிலுள்ள தனஸ்ரீ தில்லானா சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றியது. அம்மன்னர் 1829 முதல் 1846 வரை ஆண்ட திருவிதாங்கூரில் எம்மூரும் அடங்கியிருந்தது; அவ்வரசின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரம் எமக்கு அண்மையதே. ஆதலால் மின்கிட்டாரொடு அத்தில்லானாவைக் கேட்கும்போது, வெளியூர் சென்ற உறவினர் புத்தாடை உடுத்து வந்தாற்போல் எமக்குத் தோன்றும். கொச்சியைச் சார்ந்த மதர்ஜேன் குழுவினரின் 'மக்தூப்' (2008) தட்டில் கிட்டார் கமகங்களைப் பேசுகின்றது. ராக் இசையன்றாயினும், பாக்கையும் தியாகையரையும் ஒருங்கே வணங்கி இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' என்னும் தட்டு இவ்வரிசையில் வைத்துக் கேட்கத்தக்கது.

7. கேட்கும் முறை

முதன்முறை கேட்கும்போது தாளத்தை மட்டும் எண்ணுக. இரண்டாம் முறை, தாழ்ந்த ஒலியில் நடக்கும் பேஸ் கிட்டாரைப் பின்தொடர்க. பாட்டின் நடையை நடத்துவது பெரும்பாலும் அதுவே. மூன்றாம் முறை, தொடக்கத்தில் வந்த இசைக்கூறு எங்கெங்கே வேறுருக் கொண்டு மீள்கின்றதெனக் குறித்துக்கொள்க. இம்மூன்றும் முடிந்தபின் ஒன்றையும் எண்ணாது கேட்க. அப்பொழுது உண்டாவதே ரசனை.

அரங்கில் நேரே நிகழ்ந்தவற்றின் பதிவுகளையும் கேட்டல் வேண்டும். ருஷிய ஆசிரியர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவிற்கு இயற்றிய 'பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்' என்னும் இசையை, எமர்சன் முதலிய மூவர் 1971-இல் நியூகாஸில் நகர மண்டபத்தில் தம் முறையில் நிகழ்த்தினர். அவ்வாண்டிலேயே பிங்க் பிளாய்டு குழுவினர், கி. பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பாம்பெய் நகரின் பழைய அரங்கில், அவையோர் இல்லாமலே இசைத்துப் படமெடுத்தனர். யெஸ் குழுவின் 'யெஸ்சாங்ஸ்' (1973) மூன்று தட்டுகளில் அவர்தம் மேடைத்திறனைக் காட்டும்.

குற்றமும் கூறாதொழிதல் நேர்மையன்று. இவ்விசைஞருள் சிலர் விரலின் விரைவைக் காட்டவே பாட்டை நீட்டினர். மேடை அலங்காரம் இசையை விழுங்கிய இடங்களும் உண்டு. 1977-ஐ ஒட்டி பங்க் என்னும் சுருங்கிய, முரட்டு இசை எழுந்து இவர்களை எள்ளி நகையாடியது காரணமின்றியன்று. நீளம் தானே பெருமையாகாது. நீண்டதற்குத் தக்க பொருள் வேண்டும்.

முடிவுரை

அயல்நாட்டு இசையைக் கேட்பதால் நம் இசை அழியுமென அஞ்சுவார் உளர். எம் அனுபவம் வேறு. எண்ணிக் கேட்கும் செவி எங்கிருந்து பழகினும் நன்றே. ஆனால் அது பழகிய இடத்திலேயே நின்றுவிடலாகாது. நெடும்பாட்டிற்காக 23 நிமிடம் அசையாது அமர வல்ல நாம், நம்மூர் வில்லிற்காக ஓரிரவு அமரலாகாதா?

மேற்கூறிய நாளிற்குப் பின் வந்த கொடையில் யாங்கள் சிலர் பாய் விரித்து முன்வரிசையில் அமர்ந்தோம். குறித்த இரண்டு மணி நேரம் கடந்தது. அவையில் இளைஞர் எழாதிருப்பது கண்டு, விழா நடத்துவோர் மேலும் ஒரு மணி நேரம் அளித்தனர். குடத்தின் கணக்கு மாறிய இடத்தில் முதியவர் எம்மை நோக்கினார். யாங்களும் விரலில் எண்ணிக்கொண்டிருந்தோம். விடியும்வரை அன்று பாட்டு நிகழவில்லை. ஆயினும் ஒரு மணி நேரம் மீண்டது. எஞ்சிய நேரத்தை மீட்பது இதனைப் படிக்கும் நண்பர்களின் செவியைப் பொறுத்தது.